முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு பில்ட் செய்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் பில்ட் கருவிகள் பற்றி வந்த கட்டுரையை பினாங்கின் பாயான் லெப்பாஸில் பலரும் படித்தோம். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத முன்வந்ததற்கு நன்றி. மேவன், கிரேடில், பேசல் என்ற மூன்று பில்ட் கருவிகளின் வேகத்தையும் ஒப்பிட்டு, பெரிய திட்டம் தொடங்குகிறவர்கள் நேராக பேசலுக்கே போய்விடலாம் என்று கட்டுரை முடிந்திருந்தது. அந்த முடிவு எங்களுக்கு ஒப்பவில்லை. எந்தக் கருவி என்பது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலில் எடுத்துக்கொண்டால் முந்தைய இரண்டையும் யாரும் கேட்பதே இல்லை. தொழிலில் வரும் பெரிய அடிகள் எல்லாம் அந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன.

துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நிரலாளர் எழுதும் மூலநிரலை, ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் வேலைதான் பில்ட். அப்போது பிறர் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் தொகுப்புகளும் உள்ளே சேரும். டிபென்டென்சி என்பது இவற்றைத்தான். நாம் இருபது தொகுப்புகளைக் கேட்டால் அந்த இருபதும் தத்தம் பங்குக்கு வேறு சிலவற்றைக் கேட்கும். ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் கேட்டது இருபதும் வந்து இறங்கியது பல நூறுமாக இருப்பது அன்றாடம் பார்க்கிற சங்கதி.

முதல் கேள்வி: இன்று கிடைக்கும் இந்தத் தொகுப்புகள் நாளைக்கும் கிடைக்குமா?

இதற்கு விடை தெரிந்துகொள்ள ஒரு சோதனை போதும். காலியான கணினி ஒன்றிலோ புதிய கன்டெய்னர் (கணினிக்குள் தனித்து இயங்கும் வெற்றுச் சூழல்) ஒன்றிலோ மூலநிரலை எடுத்து வையுங்கள். அலுவலகத்துக்குள் இருக்கும் சர்வர்களை மட்டும் விட்டுவைத்து வெளி இணையத்தைத் துண்டியுங்கள். கடைசியாக வாடிக்கையாளருக்குக் கொடுத்த வெளியீடு எதுவோ அதையே மறுபடி பில்ட் செய்யுங்கள். நிரலாளரின் சொந்த மடிக்கணினியில் இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை. மேவன், ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம், பைதானின் பிப் எல்லாமே ஒருமுறை இறக்கியதை மறைவான அடைவுகளில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும். எல்லாம் சரியாக இருப்பது போல் தோன்றும். புதிய கணினியில்தான் குட்டு வெளிப்படும். எங்கெங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டே போனால், அந்தக் குறிப்புதான் திட்டத்தின் உண்மை நிலவரம்.

வெளியே இருப்பவை மறையாது என்ற நம்பிக்கைக்கு அடிப்படையே கிடையாது. 2016 மார்ச் 22 அன்று, எழுத்துகளுக்கு இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் லெஃப்ட்-பேட் என்ற 11 வரித் தொகுப்பை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். அதை நேரடியாகக் கேட்டே இராத எத்தனையோ திட்டங்கள் அன்று உலகெங்கும் பில்ட் ஆகாமல் நின்றன. ஜாவா, ஆண்ட்ராய்ட் உலகில் பலரும் நம்பியிருந்த ஜேசென்டர் களஞ்சியத்தை மூடப்போவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் அதற்கு வரும் கோரிக்கைகள் எல்லாம் மேவன் சென்ட்ரலுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஜேசென்டரில் மட்டுமே இருந்த பழைய தொகுப்புகளை நம்பியவர்கள் கையைப் பிசைந்தார்கள். 2023 ஜனவரி 30 நடந்தது இன்னும் வேடிக்கை. மூலநிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் தானாகத் தயாரித்துக் கொடுக்கும் டார் கோப்புகளை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொட்டலங்கள்) சுருக்கும் முறை சற்றே மாறியது. உள்ளே இருந்த மூலநிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் சுருக்கிய கோப்பின் பைட்டுகள் மாறியதால் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தாமல் பல பில்ட்கள் விழுந்தன, பேசல் திட்டங்கள் உட்பட. அன்றைக்கே மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள் என்பதால் பலர் தப்பித்தார்கள். சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், யாருமே கைவைக்காத திட்டம் பில்ட் ஆகாமல் நிற்கும் மர்மத்துக்கு விடை பெரும்பாலும் இந்த மாதிரி எங்கோதான் இருக்கும்.

தீர்வு, நிறுவனத்துக்குள் ஓர் இடைக்கிடங்கு. நெக்ஸஸ், ஆர்டிஃபாக்டரி போன்றவை மேவன், என்பிஎம், பைதான், கன்டெய்னர்களுக்கான டாக்கர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வேலை செய்யும். என்பிஎம் மட்டும் போதும் என்றால் வெர்டாச்சியோ என்ற சிறிய, இலவசக் கருவி இருக்கிறது. பில்ட் கணினிகள் இந்தக் கிடங்கை மட்டுமே கேட்க வேண்டும். வெளியே போய் வாங்கி வருவது கிடங்கின் வேலை. ஒரு எச்சரிக்கை: நீண்ட நாள் யாரும் கேட்காத கோப்பை அழித்துவிடும் துப்புரவு விதி இந்தக் கிடங்குகளில் பொதுவாக இருக்கும். வாடிக்கையாளருக்குப் போன வெளியீடுகளின் தொகுப்புகளுக்கு அந்த விதி பொருந்தாதபடி தனி அறையில் வையுங்கள். இல்லாவிட்டால் கிடங்கு கட்டியும் பலனில்லை.

பாயான் லெப்பாஸுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். 1972ல் இங்கே தடையற்ற தொழில் மண்டலம் தொடங்கிய காலத்தில் சில்லு பொருத்துவதுதான் வேலை. இன்று அதே சாலைகளில், சாதனங்களுக்குள் ஓடும் லினக்ஸையும், சாதனத்தோடு பிணைந்த மென்பொருளான ஃபர்ம்வேரையும் கட்டும் குழுக்கள் இருக்கின்றன. ஒரு தொழிற்சாலைச் சாதனம் பத்து வருஷம் களத்தில் நிற்கும். எட்டாம் வருஷம் ஒரு பிழையைத் திருத்த வேண்டுமானால் முதல் வருஷம் இறக்கியவை எல்லாம் கையில் இருந்தாக வேண்டும். சாதனங்களுக்கான லினக்ஸைக் கட்டும் யோக்டோவைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வழி சுலபம். லோக்கல் டாட் கான்ஃப் கோப்பில் டிஎல்_டிஐஆர் மாறியை எல்லோருக்கும் பொதுவான வட்டுக்குத் திருப்புங்கள். பிபி_ஜெனரேட்_மிரர்_டார்பால்ஸ் என்பதற்கு 1 கொடுத்தால் கிட் (மூலநிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) களஞ்சியங்களும் டார் கோப்புகளாக அங்கே வந்து சேரும். யோக்டோவின் பிட்பேக் கட்டளையை ரன்ஆல் ஃபெட்ச் தெரிவோடு ஓட்டினால் எதையும் கட்டாமல் இறக்கம் மட்டும் நடக்கும். அதன்பின் பிபி_நோ_நெட்வொர்க் மாறியை 1 ஆக்கிவிட்டு முழு பில்டையும் ஓட்டுங்கள்.

இங்கே விழுந்தால் முதலில், எந்தக் கமிட்டை (கிட்டில் பதிவான ஒரு மாற்றம்) எடுப்பது என்று சொல்லும் எஸ்ஆர்சிரெவ் வரிகளைப் பாருங்கள். கமிட் எண் இருக்க வேண்டிய இடத்தில் யாராவது ஆட்டோரெவ் என்று எழுதிவைத்திருப்பார்கள். கிளையின் ஆகப் புதிய கமிட்டை எடு என்று அதற்குப் பொருள். வெளியே போய்க் கேட்காமல் அதனால் நகர முடியாது. அடுத்து, மூலநிரலை மொழிமாற்றும் கம்பைல் கட்டத்துக்குள்ளேயே பிப், என்பிஎம் என்று ஏதாவது நேரடியாக இணையத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். 2022ல் வந்த கர்க்ஸ்டோன் பதிப்பு முதல் ஃபெட்ச் தவிர மற்ற கட்டங்களுக்கு வலைத்தொடர்பு தானாகவே அடைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவசரத்தில் ஒரு வரி சேர்த்து அதைத் திறந்துவிட்ட ரெசிப்பிகள் (ஒவ்வொரு தொகுப்பையும் கட்டும் குறிப்புகள்) இல்லாமல் இல்லை. பழைய ரெசிப்பிகளில் கிட்ஹப் முகவரி கிட் நெறிமுறையில் இருந்தால் அதுவும் ஓடாது. 2022 மார்ச் 15க்குப் பிறகு கிட்ஹப் அதை ஏற்பதில்லை. ஹெச்டிடிபிஎஸ் என்று நெறிமுறையைக் குறிப்பிட்டு, கிளையின் பெயரையும் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி: உள்ளே போவது எந்தப் பதிப்பு என்று அச்சொட்டாகத் தெரியுமா?

மளிகைச் சீட்டில் "அரிசி 10 கிலோ" என்றுதான் இருக்கும். எந்த மார்க், எந்தக் கடை என்பது ரசீதில்தான் தெரியும். என்பிஎம்மில் பேக்கேஜ் ஜேசான் கோப்பு சீட்டு, லாக் ஃபைல் ரசீது. சீட்டில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் தொப்பிக் குறி இருந்தால், 1.2.3 என்று எழுதியிருந்தாலும் 2.0.0க்குக் கீழே எது புதிதோ அது வரலாம். ஆகவே லாக் ஃபைலையும் கிட்டில் சேர்க்க வேண்டும். அது மட்டும் போதாது. பில்ட் சர்வரில் என்பிஎம் இன்ஸ்டால் ஓட்டினால், சீட்டும் ரசீதும் பொருந்தாதபோது அது சத்தமில்லாமல் ரசீதைத் திருத்திவிட்டுப் போய்விடும். என்பிஎம் சிஐ என்ற கட்டளை அப்படிச் செய்யாது. பொருந்தாவிட்டால் நின்றுவிடும், பொருந்தினால் ஏற்கனவே இருக்கும் தொகுப்பு அடைவை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கும். பில்ட் சர்வரில் எப்போதும் இதுதான் ஓட வேண்டும். பைதானில் பிப் கட்டளைக்கு ஒவ்வொரு பதிப்பையும் இரட்டைச் சமக்குறியால் கட்டி, ரெக்வையர்-ஹாஷஸ் தெரிவையும் கொடுங்கள். எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ் தெரிவைப் பயன்படுத்தவே வேண்டாம். உள்கிடங்கு, வெளிக்கிடங்கு இரண்டையும் பார்த்து எது உயர்ந்த பதிப்போ அதை பிப் எடுத்துக்கொள்ளும். நிறுவனத்தின் உள்தொகுப்பு ஒன்றின் பெயரை வெளியில் யாராவது 99.0 என்று பதிவு செய்துவிட்டால் கதை முடிந்தது. 2021 பிப்ரவரியில் ஓர் ஆய்வாளர் இதே உத்தியால் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்படப் பல பெரிய நிறுவனங்களின் கணினிகளில் தம் நிரலை ஓட்டிக் காட்டினார்.

ஜாவாக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கட்டுரையில் மேவனையும் கிரேடிலையும் வேகத்தில் மட்டும் ஒப்பிட்டிருந்தார்கள். அவை இரண்டும் பதிப்புத் தகராறைத் தீர்க்கும் விதமே வேறு என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் எங்களுக்குப் பெரிய குறையாகப் பட்டது. உங்கள் திட்டம் அ, ஆ என்ற இரண்டு தொகுப்புகளைக் கேட்கிறது என்று வையுங்கள். ஜாக்சன் நிரலகத்தின் 2.9 பதிப்பை அ நேரடியாகக் கேட்கிறது. ஆ கேட்பது இ என்ற தொகுப்பை. அந்த இ கேட்பதோ ஜாக்சன் 2.15. மேவன் தூரத்தைப் பார்க்கும்: இரண்டே படியில் எட்டுவதால் 2.9தான் வரும். தூரம் சமமாக இருந்தால், கோப்பில் முதலில் எழுதப்பட்டவர் பக்கம் சாயும். கிரேடில் உயர்ந்த பதிப்பைப் பார்க்கும்: 2.15 வரும். மேவனில் கம்பைல் எல்லாம் சுத்தமாக முடியும். இ தேடும் புதிய மெத்தட் (செயல்பாடு) 2.9ல் இல்லாததால், மென்பொருள் ஓடும்போது, அதுவும் அந்தக் குறிப்பிட்ட பக்கத்தை யாராவது தொடும்போது மட்டும், நோ சச் மெத்தட் எரர் என்று விழும். சோதனைக் குழு அந்தப் பக்கத்தைத் தொடாவிட்டால் வாடிக்கையாளர்தான் கண்டுபிடிப்பார்.

வேகம் வேண்டும் என்று மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாறுகிற குழு, தெரியாமலே உள்ளே போகும் பதிப்புகளையும் சேர்த்து மாற்றுகிறது. மாறுவதற்கு முன்பு மேவனின் டிபென்டென்சி ட்ரீ கட்டளையின் வெளிப்பாட்டை எடுத்து வைத்து, மாறிய பின்பு கிரேடிலின் டிபென்டென்சீஸ் கட்டளையின் வெளிப்பாட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மேவனிலேயே இருக்கப்போகிறவர்கள் என்ஃபோர்சர் செருகுநிரலில் ரெக்வையர் அப்பர் பவுண்ட் டெப்ஸ் விதியைப் போட்டுவிட்டால், மேலே சொன்ன நிலைமை வரும்போது பில்டே நின்றுவிடும். முதல் நாள் நாற்பது ஐம்பது பிழைகள் கொட்டும். பயப்படாமல் டிபென்டென்சி மேனேஜ்மென்ட் பகுதியில் ஒவ்வொன்றாகப் பதிப்பை அறுதியிட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். சலிப்பான வேலைதான்.

பதிப்பைத் தெரிந்துவைப்பது பாதுகாப்புக்கும்தான். 2021 டிசம்பரில் ஜாவா நிரல்கள் பதிவேடு எழுதப் பயன்படுத்தும் லாக்ஃபோர்ஜே தொகுப்பின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பல நிறுவனங்களுக்கு "நம்மிடம் அது இருக்கிறதா" என்ற கேள்விக்கே விடை சொல்ல நாட்கள் ஆயின. கோப்பின் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. பெரிய ஜார் கோப்புக்குள் (ஜாவா தொகுப்பின் கோப்பு வடிவம்) சின்ன ஜாராக அது ஒளிந்திருக்கும். திருத்தமும் ஒரே தடவையில் முடியவில்லை: 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த ஒரே மாதத்தில் வந்துகொண்டே இருந்தது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் தொகுப்பின் விவகாரம் பில்ட் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தவர், அதை இயக்கிவிடும் துண்டை கிட் களஞ்சியத்தில் வைக்கவில்லை. வெளியீட்டுக்கான டார் கோப்பில் இருந்த பில்ட் ஸ்கிரிப்டில்தான் வைத்தார். கிட்டில் மட்டும் நிரலைப் படித்தவர்களுக்கு அது கண்ணில் பட வாய்ப்பே இல்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்து 2024 மார்ச் 29 அன்று வெளியிட்டார்.

இங்கே சட்டமும் வந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் இருக்கும் நம் மலேசியாவின் சைபர் பாதுகாப்புச் சட்டப்படி, வங்கி, மருத்துவம், போக்குவரத்து போன்ற முக்கியத் துறைகளில் அதன் கீழ் வரும் நிறுவனங்கள், தாக்குதல் நடந்ததை அறிந்த 6 மணி நேரத்துக்குள் முதல் தகவலைத் தர வேண்டும். பினாங்கிலிருந்து ஐரோப்பாவுக்குச் சாதனம் அனுப்புகிறவர்களுக்கு அங்குள்ள சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் இருக்கிறது: தகவல் தரும் கடமை 2026 செப்டம்பர் 11 முதல், மற்ற கடமைகளில் பெரும்பாலானவை 2027 டிசம்பர் 11 முதல். மென்பொருளின் உட்பொருள் பட்டியலை வைத்திருப்பதும் அதில் ஒன்று. சைக்ளோன்டிஎக்ஸ், எஸ்பிடிஎக்ஸ் என்ற இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. பட்டியலைத் தனியாக உட்கார்ந்து எழுதாமல், ஒவ்வொரு பில்டும் தானே ஒன்றைத் தயாரித்து வெளியீட்டோடு வைக்கும்படி செய்யுங்கள். ஆறு மாதப் பழைய பட்டியலால் யாருக்கும் உபயோகமில்லை.

இனி மூன்றாவது கேள்வியான கருவிக்கு வருகிறோம். இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். ஒரே மொழியில் இருக்கும் திட்டத்துக்கு அந்த மொழிக்காரர்கள் எல்லோரும் பயன்படுத்துவதே போதும்: ரஸ்டுக்கு கார்கோ, கோவுக்கு அதனுடைய சொந்தக் கருவி, சி++க்கு சிமேக்கும் நிஞ்சாவும், ஜாவாவுக்கு மேவன். பில்டின் நடுவே விசித்திரமான வேலைகள் நிறைய இருந்தால் மட்டும் கிரேடில். மேக் என்ற கருவிக்கு எழுதிய பழைய மேக்ஃபைல் மெதுவாக இருக்கிறது என்று தூக்கிப் போடுவதற்கு முன், அதில் ஜிசிசி கம்பைலரின் எம்எம்டி, எம்பி தெரிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஹெடர் கோப்பை (பல நிரல் கோப்புகள் பகிரும் அறிவிப்புக் கோப்பு) மாற்றினாலும் மேக்குக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோரும் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு முறையும் மேக் க்ளீன் போடுகிறார்கள், பில்டும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஓடுகிறது. மேக்ஃபைலில் உள்ள கம்பைலர் தெரிவுகளை மாற்றினாலும் மேக் திரும்பக் கட்டாது. அந்தக் கோப்பையே இலக்குகளுக்கு ஒரு முன்தேவையாகச் சேர்த்துவிடுங்கள். நேர முத்திரையை நம்பும் கருவி அது. வலை வட்டில் கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் தடுமாறும்.

பேசல் நேரத்தை நம்பாமல் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்க்கிறது. அது உண்மையிலேயே பெரிய வசதி. பல மொழிகள் ஒரே களஞ்சியத்தில் இருந்து, பில்ட் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடி, அந்த வேலைக்கென்றே ஓரிருவரை முழுநேரமாக நிறுத்த முடிந்தால் எடுத்துக்கொள்ளலாம். எட்டுப் பேர் குழுவுக்கு அது தலைவலி. அறிவிக்காமல் பயன்படுத்திய ஒவ்வொரு ஹெடரையும் அது பிடித்துக் கேட்கும். கணினிக்குக் கணினி கம்பைலர் வேறாக இருந்தால் பகிர்ந்துகொள்ளும் கேஷ் (முன்பே கட்டியதைச் சேமித்துவைப்பது) பயன்படாது. கம்பைலர் மாறியதை அதற்கு அறிவிக்காமல் விட்டிருந்தால் ஒரு கணினியில் கட்டியது இன்னொன்றில் தவறாகப் போய் உட்காரும். வெளித்தொகுப்புகளை அறிவிக்கும் பழைய வொர்க்ஸ்பேஸ் முறையை 8ஆம் பதிப்பில் இயல்பாகவே அணைத்துவிட்டதால், அதில் வருஷக்கணக்காக எழுதிச் சேர்த்தவர்கள் பிஸட்எல்மாட் என்ற புதிய முறைக்கு மாற்றி எழுத வேண்டி வந்தது. கருவியும் ஒரு டிபென்டென்சிதான். அதன் பதிப்பையும் கட்டிவைக்க வேண்டும். மேவனுக்கும் கிரேடிலுக்கும் ரேப்பர், பேசலுக்கு பேசலிஸ்க் இருப்பது இதற்காகத்தான். டாக்கர் இமேஜை லேட்டஸ்ட் என்ற பெயரில் எடுக்காமல் ஷா256 டைஜஸ்டால் (அதன் உள்ளடக்கத்துக்கே உரிய எண்) எடுங்கள்.

இப்படி எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டு மூன்று வருஷம் தொடாமல் இருப்பதும் ஆபத்துதான். பதிப்புகளைப் புதுப்பிக்கும் ரெனவேட் போன்ற கருவியைப் போட்டு வாராவாரம் சிறு சிறு மாற்றங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளியானவுடனே எதையும் எடுக்காமல் ஒரு வாரம் ஆறவிடுவது நல்லது. 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் என்ற புகழ்பெற்ற என்பிஎம் தொகுப்புகளில் நச்சு நிரல் ஏறியபோது அது சுமார் இரண்டு மணி நேரமே வெளியில் இருந்தது. ஒரு வாரம் காத்திருக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு அதன் வாடையே அடித்திருக்காது. லாக்ஃபோர்ஜே மாதிரி அவசரத் திருத்தங்களுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்த ஒருவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். யார் அவர் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு திருத்தம். மேக் 1980களில் வந்தது என்று கட்டுரையில் இருந்தது. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதியது 1976ல்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர்கள் சிலர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.